டிராகன் பறக்கலாம், ஹீரோ மட்டும் கறுப்பா இருக்கக் கூடாதா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி
ஜூலை 6, மாலை 6.10

ஃபேன்டசி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்தி இங்கிலீஷ்ல பேசுற இடத்துக்குப் போனா எப்பவும் ஒரே கணக்கெடுப்பு. எத்தனை கறுப்பர், எத்தனை ஆசியர், எழுதினவர் எந்த ஊரு. இது அமெரிக்காக்காரன் பிரச்சினை. படிக்கும்போது எனக்கு நிறமே தெரியறதில்ல. டிராகனையே நம்புறவனுக்கு ஆள் எந்த நிறமா இருந்தா என்ன? தமிழ் வாசகனுக்கு இதுல என்ன வேலை? ஊட்டி, குன்னூர் பக்கம் இந்த மாதிரிப் புத்தகம் படிக்கிறவங்க இருக்கீங்களே, சொல்லுங்க.

ஜூலை 6, இரவு 9.50

கோவை நண்பரே, நிறம் தெரிவதில்லை என்பதை நம்ப நான் தயாராக இல்லை.

நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். ராணி காமிக்ஸ் ஒரு பிரதி வந்தால் லைன் முழுக்கச் சுற்றும். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அட்டை இருக்காது. முகமூடி வீரர் மாயாவிதான் எல்லோருக்கும் உயிர். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் மாயாவி யார் என்று சண்டையே வந்ததில்லை. கணக்கப்பிள்ளை மகன்தான் மாயாவி, ஏனென்றால் அவன் சிவப்பு. அந்தக் கூட்டத்தில் நன்றாக ஓடுகிறவன், மரம் ஏறுகிறவன், பாம்புக்குப் பயப்படாதவன் என் அண்ணன். அவனுக்குக் கிடைத்தது மாயாவியைக் கும்பிடும் குள்ளர் கூட்டத்தில் ஓர் இடம். மந்திரவாதி மாண்ட்ரேக் கதை விளையாடினால், அவனுடைய கறுப்பு உதவியாள் லொதார் வேஷம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மாயாவி கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1936-இல் லீ ஃபால்க் என்ற அமெரிக்க எழுத்தாளர் தொடங்கியது. கடற்கொள்ளையரிடமிருந்து தப்பிக் கரை ஒதுங்கிய வெள்ளைக்காரன், அவன் மகன், பேரன் என்று வழிவழியாக ஒரே முகமூடி. காட்டு மக்கள் அவனைச் சாவில்லாத ஆவி என்று நம்புகிறார்கள். ஆரம்பத்தில் காடு ஆசியப் பக்கம் இருந்தது, பிறகு ஆப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்டம் மாறினாலும் யார் சிம்மாசனத்தில், யார் தரையில் என்பது மாறவில்லை.

நமக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். தரையில் உட்கார்ந்தது என் அண்ணன்.

ஜூலை 6, இரவு 10.25

லொதார் பற்றி ஒன்று விட்டுப்போனது. 1934-இல் வரும்போது சிறுத்தைத் தோல், துருக்கித் தொப்பி, உடைந்த இங்கிலீஷ். 1960களின் நடுவில்தான் சட்டை போட்டு ஒழுங்காகப் பேச விட்டார்கள். அண்ணனுக்கு இப்போது போன் போட்டுச் சொன்னேன். "அப்பவே தெரிஞ்சிருந்தா நானும் சட்டை கேட்டிருப்பேனே" என்கிறான். எங்கள் லைனில் லொதாருக்கு ஒரு பழைய துண்டுதான் உடுப்பு.

ஜூலை 7, மதியம்

"பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் எல்லாமே வெள்ளைக்காரக் கதை, அந்தக் காலம் அப்படி, விட்டுவிடுங்கள்" என்கிறார் திருப்பூர் நண்பர். அவ்வளவு எளிதாக விட முடியாது. எழுதியவர்கள் இருந்தார்கள். தடுத்தவர்களும் இருந்தார்கள்.

சாமுவேல் டெலனி நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பின சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர். அவருடைய 'நோவா' 1968-இல் வந்தது. கப்பல் தலைவன் லோர்க் வான் ரே, அம்மா செனகல்காரி, அப்பா நார்வேக்காரர். அதைத் தொடராக வெளியிடக் கேட்டு 'அனலாக்' என்ற சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்துவிட்டார். கதை பிடித்திருந்தது, ஆனால் கறுப்பு நாயகனோடு தன் வாசகர்களால் ஒட்ட முடியாது என்று காரணம் சொன்னதாக டெலனி பிற்பாடு எழுதியிருக்கிறார். பழியைத் தூக்கி வாசகன் தலையில் போட்டுவிட்டார் பாருங்கள். கோவை நண்பருக்கு நிறமே தெரியாதாம், கேம்ப்பெலின் வாசகனுக்கோ நிறம் மட்டும்தான் தெரியுமாம். இரண்டு பேரையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்க ஆசை.

அதே 1968-இல் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' ஃபேன்டசி வரிசையின் முதல் நூல். மந்திரவாதிப் பையன் கெட் செம்பழுப்பு நிறம். அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. கொள்ளையடிக்க வரும் கார்க் நாட்டுக்காரர்கள்தான் வெள்ளைத் தோல். இதை முதல் பக்கத்திலேயே அறிவிக்காமல், வாசகன் கெட்டோடு நன்றாக ஒட்டிய பிறகு மெதுவாகத் தெரியும்படி எழுதினார், வேண்டுமென்றே. ஆனால் பிற்காலப் பதிப்பு அட்டைகள் பலவற்றில் பையன் வெளுத்துவிட்டான். 2004-இல் டிவி தொடராக எடுத்தபோது நாயகனே வெள்ளை நடிகர். லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார்.

அட்டை விவகாரம் இன்னொன்று. கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'டான்' நாவலில் நாயகி லிலித் கறுப்பினப் பெண். 1987-இல் வந்த அட்டையில் வெள்ளைக்காரப் பெண். நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்துக்குப் பழைய பேப்பர்பேக்குகள் மூட்டையாக வருவதுண்டு. அப்படி வந்த ஒரு பிரதி அது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்துவிட்டு, "அட்டையில இருக்கறது யாரு மிஸ், கதையில வரவேயில்லையே" என்று கேட்டாள்.

ஜூலை 7, இரவு

சாயங்காலம் வந்த பதில்களில் ஒன்றுக்கு மட்டும். "ஹைன்லைன் போர்க் கதை எழுதினவர், அவர்கிட்ட இதெல்லாம் இருக்காது." இருக்கிறது. 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) நாயகன் ஜுவான் ரிக்கோ பிலிப்பினோ. வீட்டில் பேசும் மொழி டகாலோக் என்பது கடைசிப் பக்கங்களில்தான் போகிற போக்கில் வரும். 1997 படத்தில் அவர் வெள்ளைக்காரர் ஆகிவிட்டார். ஹைன்லைன் அரசியல் எனக்கு ஒத்துவராது. அதற்காக அவர் செய்ததை இல்லை என்று சொல்ல முடியாது.

ஜூலை 8

விருதெல்லாம் இட ஒதுக்கீடு ஆகிவிட்டது என்று ஒருவர். இட ஒதுக்கீட்டைத் திட்டாமல் தமிழில் ஒரு விவாதம் நடக்காதா?

கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஜெமிசினின் 'ப்ரோக்கன் எர்த்' மூன்று நூல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து, இந்த வகை எழுத்துக்கான பெரிய விருதான ஹியூகோவை வாங்கின. சிறந்த நாவலுக்கான ஹியூகோவில் அப்படி மூன்று வருடம் தொடர்ந்து அதற்கு முன் யாருமே வாங்கியதில்லை, எந்த நிறத்தவரும். அந்தப் பிரிவில் அதை வாங்கிய முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். விருது 1953-லிருந்து கொடுக்கப்படுகிறது. அதுவரை வந்த ஒதுக்கீட்டை யார் அனுபவித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இதோடு சேர்ந்தது, உலக ஃபேன்டசி விருது. வெகுகாலம் லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் தலைதான் அதன் சின்னம். கறுப்பரைப் பற்றி வாய் கூசும் கவிதை எழுதியவர் அவர். நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த நெடி ஒகோராஃபோர் 2011-இல் அந்த விருதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் அந்தக் கவிதை அவருக்குத் தெரிய வந்தது. வீட்டு அலமாரியில் அந்தத் தலை உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று யோசியுங்கள். 2015-இல் சின்னத்தை மாற்றுவதாக அறிவித்தார்கள்.

கரண்ட் போகப் போகிறது, கூடலூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டதாம். ஊட்டி பற்றி ஒரு விஷயம் இருக்கிறது, நாளை.

ஜூலை 9, இரவு 11.15

நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

'அமெரிக்காக்காரன் பிரச்சினை' என்றார் கோவை நண்பர். இந்தப் பிரச்சினையின் ஒரு துண்டு ஊட்டியில் வார்க்கப்பட்டது.

1883-இல் பிளாவட்ஸ்கி அம்மையார் ஊட்டிக்கு வந்தார். அவர் சேர்ந்து தொடங்கிய பிரம்மஞான சபை அதற்கு முந்தைய வருடக் கடைசியில்தான் அடையாறுக்கு வந்திருந்தது. ஊட்டியில் ஒரு ராணுவத் தளபதி வீட்டில் தங்கினார். பிறகு நீலகிரி மக்களைப் பற்றி ருஷ்ய மொழியில் தொடர் எழுதி, அது அந்த நாட்டுப் பத்திரிகையில் 1884–85-இல் வந்தது, பின்னால் புத்தகமும் ஆனது. பயண நூல், மக்களைப் பற்றிய ஆய்வு என்கிற தோரணை. படித்தால் முழு ஃபேன்டசி. தோடர்கள் நெட்டையானவர்கள், வெளுத்தவர்கள், கிரேக்கச் சிலை முகம், நல்ல மந்திரம் தெரிந்தவர்கள். முள்ளுக் குறும்பர்கள் குள்ளர்கள், கறுத்தவர்கள், பார்வையாலேயே ஆளைச் சாய்க்கும் கெட்ட மந்திரவாதிகள். மலைக்கு மேலே ஒளி, கீழே காட்டில் இருட்டு. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் நல்ல எல்ஃப், கெட்ட ஆர்க் என்ற பெயர்கள்தான் பாக்கி.

அவர் மட்டும் கற்பனை செய்தார் என்று சொல்ல முடியாது. 1832-இலேயே ஹார்க்னஸ் என்ற ராணுவ அதிகாரி தோடருக்கு ரோமானிய மூக்கு என்று எழுதிவிட்டார். இஸ்ரேலின் காணாமல்போன கோத்திரம் என்று ஒரு பேச்சு ஓடியது. 1873-இல் மார்ஷல் என்பவர் தலை மேடு பள்ளத்தைத் தடவிக் குணம் சொல்கிற சாஸ்திரத்தைத் தோடர் மத்தியில் பிரயோகித்து ஒரு புத்தகமே போட்டார். மதராஸ் மியூசியத்தின் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து மூக்கு மூக்காக அளந்தார். 1930களில் எமனோ என்ற மொழியியலாளர் வந்து, உட்கார்ந்து, மொழியைக் கற்றுக்கொண்டார். தோட மொழி திராவிட மொழி, கோத்தர் மொழிக்கு நெருங்கிய உறவு, தமிழுக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். ரோமும் இல்லை, இஸ்ரேலும் இல்லை.

ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்? என் ஊகம் இது. மலை மேல் ஏறி வந்தவன் கண்ணில், நிமிர்ந்து நிற்கிற, தனக்குக் கூழைக்கும்பிடு போடாத மக்கள் பட்டார்கள். இவர்கள் இந்த ஊர்க்காரர்களாக இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. மதிப்பு வந்தவுடன் தோலையும் வெளுக்க வைத்தாயிற்று. குறும்பர் மேல் மதிப்பு வரவில்லை, எனவே அவர்கள் தோல் இன்னும் கறுத்தது, உயரமும் குறைந்தது. ஃபேன்டசியில் 'உயர் குலம்', 'இழி குலம்' பிரிக்கும் விதி இதே விதிதான். அளவு நாடா கூட அதே.

இன்னும் இருக்கிறது. 1888-இல் அம்மையாரின் பெரிய நூல் வந்தது. மனித குலத்தை மூல இனங்கள் என்று வரிசை பிரித்து, மூன்றாவதை லெமூரியாவில் குடிவைத்தார். லெமூரியாவே 1864-இல் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் பிராணிகளின் பரவலை விளக்கக் கற்பித்த நிலம். கண்டங்கள் நகர்வது தெரிந்தபின் அது அறிவியலுக்குத் தேவைப்படவில்லை. கதைக்குத் தேவைப்பட்டது. அமெரிக்க மலிவு விலைக் கதைப் பத்திரிகைகளில் 1930களில் ராபர்ட் ஹோவர்ட் தன் வீரன் கோனானுக்காகக் கட்டிய பழங்கால உலகில் லெமூரியர் வருவார்கள். 1965-இல் லின் கார்ட்டர் லெமூரியாவிலேயே ஒரு வாள்வீரனை உலாவ விட்டார். இன்னொரு கிளை நம் பக்கம் வந்து குமரிக்கண்டத்தோடு கைகோர்த்து மேடை ஏறியது. கோனானும் நம் பட்டிமன்றப் பேச்சாளரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.

ஜூலை 10, காலை 7.05

எதிர்பார்த்ததுதான். குமரிக்கண்டத்தைக் கிண்டல் செய்தேன் என்று நாலு பேர் கோபம். சிலப்பதிகாரத்தில் கடல் கொண்ட பஃறுளியாறு வருகிறது, அதை யார் மறுத்தது? அதன் மேல் லெமூரியா என்ற பலகையை மாட்டியதைத்தான் சொன்னேன். இது இன்னொரு சண்டை, வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம்.

ஜூலை 10, மாலை

"அப்படியானால் டோல்கீன் எல்ஃபுகளை ஊட்டியிலிருந்து எடுத்தாரா அக்கா?" இல்லை தம்பி. நான் அப்படிச் சொல்லவில்லை, நீ வாட்ஸப்பில் அனுப்பிவிடாதே. அவருக்கு வடக்கு ஐரோப்பியப் பழங்கதைகள் இருந்தன. ஒரே காற்றை எல்லாரும் சுவாசித்தார்கள், அவ்வளவுதான் என் வாதம்.

டோல்கீன் பற்றிப் பேச்சு வந்ததால், 2022-இல் அவர் உலகத்தை வைத்து எடுத்த டிவி தொடரில் கறுப்பு எல்ஃப், கறுப்பு ஹார்ஃபுட் வந்தபோது மூலத்துக்குத் துரோகம் என்று கத்தினார்கள். மூலத்தின் முன்னுரையிலேயே ஹார்ஃபுட் வகை ஹாபிட்கள், அதாவது அவர் கதையின் குள்ள மனிதர்கள், மற்றவர்களைவிடப் பழுப்பு நிறம் என்று இருக்கிறது. கத்தியவர்கள் முன்னுரையைத் தாண்டிப் போயிருப்பார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான்.

தெற்கத்தியர் கறுத்தவர்கள், யானை மேல் வந்து கெட்டவன் பக்கம் சண்டை போடுகிறவர்கள் என்று அவர் எழுதியதும் உண்மை. யானை, தெற்கு, கறுப்பு. யாரைச் சொல்கிறார் என்று நம் ஆளுக்குக் கொஞ்சம் உறுத்தாமல் இருக்காது. ஆனால் அதே இடத்தில் சாம் என்ற ஹாபிட், செத்து விழுந்த ஒரு தெற்கத்திய வீரனைப் பார்த்து, இவன் பேர் என்ன, எந்த ஊர், நிஜமாகவே கெட்டவனா, இல்லை பயமுறுத்திக் கூட்டிவந்தார்களா என்று நினைப்பான். சில வரிதான். மொத்தப் புத்தகத்தையும் தூக்கி எறியவிடாமல் என்னைத் தடுக்கிறது அந்த இடம். போதுமா என்று கேட்டால் போதாது.

ஜூலை 11

வெள்ளைக்காரனைத் திட்டுவதில் எல்லாருக்கும் குஷி வந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

குறும்பர் மந்திரவாதிகள் என்பதைப் பிளாவட்ஸ்கி கண்டுபிடிக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே இந்த மலையில் அந்தப் பயம் இருந்தது. படகர் ஊர்களில் விதைப்புச் சடங்குக்குக் குறும்பரை அழைப்பார்கள், அதே குறும்பரைக் கண்டு கதவைச் சாத்துவார்கள். மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சந்தேகம் அங்கேதான் போகும். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு முறைக்கு மேல் குறும்பர் குடும்பங்களைக் கூட்டமாகக் கொன்றிருக்கிறார்கள், சூனியப் பயத்தால். ஆங்கிலேய அதிகாரிகளின் பதிவுகளில் இருக்கிறது, எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கும் தெரியும், பேச மாட்டார்கள்.

சமவெளிக்கு இறங்கினால் மந்திரவாதி மலையாளி. கோவைக்காரருக்குப் பாலக்காட்டுக்காரர்மேல் பயம். மலைக்கு வந்தால் குறும்பர். லண்டனிலிருந்து பார்த்தால் நாம் எல்லாருமே. மந்திரம் எப்போதும் நமக்கு ஒரு படி கீழேயோ ஒரு மலை தள்ளியோ இருப்பவன் கையில்தான். அவன் ஏழை, நிலம் இல்லாதவன், ஆனாலும் அவனிடம் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்று நம்புவதில் ஒரு வசதி உண்டு. நாம் அவனுக்குச் செய்வதற்குக் கூலி பேச வேண்டியதில்லை.

இங்கிலீஷ் ஃபேன்டசியில் நாயகனுக்கு வழி காட்டி, மூலிகை கொடுத்து, இருநூறாவது பக்கத்தில் அவனுக்காகச் செத்துப்போகும் கறுப்புக் கிழவரை நினைத்துப் பாருங்கள். ஆள் கதையில் இருக்கிறார், கணக்கெடுத்தால் ஒன்று ஏறும். அதனால்தான் தலை எண்ணுவதில் எனக்கு அரை நம்பிக்கைதான். யார் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று பார்ப்பேன்.

ஜூலை 11, சற்று நேரம் கழித்து

கோத்தகிரி நண்பர் வருத்தப்பட்டிருக்கிறார். படகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேனாம். ஏற்றவில்லை அண்ணா. இலங்கையிலிருந்து அனுப்புவதாக 1964 ஒப்பந்தத்தில் பேசிய ஐந்தேகால் லட்சம் பேர் கணக்கில் வந்த குடும்பம் என்னுடையது. மலைக்குக் கடைசியாக வந்தவர்கள் நாங்கள், எங்களைப் பற்றியும் எல்லாருக்கும் ஒரு கதை இருந்தது. நாங்களும் வந்த சூட்டோடு குறும்பரைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டோம். அதில் எங்களுக்கு ட்யூஷனே தேவைப்படவில்லை.

ஜூலை 13

பள்ளியில் நடந்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை. வாசிப்பு வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சிறுவர் ஃபேன்டசி கதை வாசித்தோம். தமிழ்க் கதை, நல்ல எண்ணத்தோடு எழுதியது, பழங்குடிச் சிறுவன் நாயகன். அவன் பறவையோடு பேசுவான், வேர் கண்டுபிடிப்பான், தேன் எடுப்பான், காட்டு தேவதை அவனுக்குச் சக்தி கொடுப்பாள். வாசித்து முடித்ததும் ஆலுக் குறும்பர் பையன் ஒருவன் எழுந்தான்.

"எங்காளு வந்தாலே மூலிகை, மந்திரம், தேன். ஒருத்தன்கூட பஸ்ல போக மாட்டானா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனால் உட்காரவில்லை, பதிலுக்கு நின்றுகொண்டிருந்தான். "ராக்கெட் ஓட்டலாமா?" என்று கேட்டேன். "ஓட்டலாம். லைசென்ஸ் எடுத்துட்டு ஓட்டட்டும். தேவதை கொடுத்துச்சுன்னு வேணாம்."

ஒரு வாரமாக நான் பத்தி பத்தியாக எழுதியதை இவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

ஜூலை 14

சுஜாதாவை இழுத்திருக்கிறார்கள். "ஜீனோ கதையில் சாதியும் இல்லை, நிறமும் இல்லை, அதுதான் சரியான வழி."

'என் இனிய இயந்திரா' எனக்கும் பிடிக்கும். ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் தமிழில் எழுதப்பட்ட புத்திசாலிப் பாத்திரங்களில் ஒன்று. எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர். நிலா, சிபி, ரவி, மனோ. பெயரைக் கத்தரித்தால் சாதி தெரியாமல் போகிறது. ஆனால் அங்கே பெயரைக் கத்தரித்தது ஓர் அடக்குமுறை அரசு, அதைக் கவனிக்க வேண்டும். பெயரைச் சுருக்கியதும் சண்டை ஒழிந்தது என்று சுஜாதா சொன்னதாக எனக்குப் படவில்லை. அவரை ரசிப்பவர்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்காலத்தில் இதெல்லாம் இருக்காது என்று எழுதுவது ஒரு வகை. எப்படி இல்லாமல் போனது என்று எழுதுவது இன்னொரு வகை. இரண்டாவதைத் தமிழில் யாராவது எழுதினால் முன்பணம் கட்டி வாங்குவேன்.

ஜூலை 14, இரவு

கதைக்கரு கேட்டவருக்கு, இலவசம். நடுவட்டத்தில் டேன்டீ தொழிற்சாலைப் பக்கம் பழைய ஜெயில் இருக்கிறது, போயிருப்பீர்கள். சிங்கப்பூர், மலாக்கா பக்கத்திலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை வைத்துச் சின்கோனா தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். விடுதலையானவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தி, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் தங்கிவிட்டார்கள். தர்ஸ்டன் 1909-இல் அவர்களுக்குத் தனித் தலைப்பே போட்டிருக்கிறார், வழக்கம்போல மூக்கையும் அளந்து. சீன அப்பா, தமிழ் அம்மா, மலேரியாவுக்கு மருந்து காய்ச்சும் பட்டை, மூடுபனி, ஜெயில். இதை வைத்துக்கொண்டு இன்னும் இங்கிலாந்துக் கோட்டைக்குள் கதை எழுதுகிறவரை என்ன சொல்வது?

ஜூலை 16

வெளி ஆள் நம்மைப் பற்றி எழுதலாமா என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்கிறார் திருப்பூர்க்காரர். சரி.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் 1956-லிருந்து சாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1979-இல் அவர் எழுதிய 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டும் கதை. இலங்கையை எண்ணூறு கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, சிவனொளிபாத மலையை இரண்டு மடங்கு உயர்த்தி, உச்சியில் அதை நிறுத்தினார். ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளும் கிடைத்தன. என் அப்பா பிறந்தது அந்தப் பக்கத்து மஸ்கெலியாவில், அந்த மலை அவர்களுக்கு லயத்து வாசலிலிருந்து தெரியும். படிக்கும்போது நான் கொழுந்துக் கூடையைத் தேடினேன். பிக்குகள் வருகிறார்கள், பழைய அரசன் வருகிறான், பொறியாளர் வருகிறார். மலையடிவாரத்தில் நூறு வருடத்துக்கு மேலாக இருந்தவர்கள் என் கண்ணில் படவில்லை. கிளார்க் கெட்ட மனிதர் அல்ல, அந்த நாட்டை நேசித்தவர். நேசம் எல்லார் வாசலுக்கும் போகாது.

இதோடு வஜ்ர சந்திரசேகரவை வைத்துப் பாருங்கள். கொழும்புக்காரர், 2023-இல் வந்த முதல் நாவல் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்', மறுவருடம் நெபுலா வாங்கியது. நிழல் இல்லாத ஒருவன், அப்பனைக் கொல்ல அம்மா வளர்த்த பிள்ளை. கற்பனை நகரம்தான், ஆனால் இனம், சாதி என்று ஆளை வகை பிரிக்கும் அலுவலகம், அடையாள அட்டை, கலவரம், முகாம் எல்லாம் வருகிறது. அட்டை இல்லாமல் நாடற்றவர் என்று எழுதப்பட்ட குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பக்கங்கள் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் தமிழர் அல்ல, தோட்டத்துக்காரரும் அல்ல. அப்படியென்றால் வெளி ஆள்தானே? ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லத்தான் வந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மனசு பாதி மாறுகிறது. எல்லாரும் எழுதலாம், சரி, ஆனால் அச்சேறுவது யாருடையது? குறும்பரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்கள் எங்கள் நூலகத்தில் ஒரு அலமாரி நிரம்பும். குறும்பர் எழுதிய ஒரு ஃபேன்டசி அதில் இல்லை. அந்த அலமாரி சரியாகும்வரை 'யார் வேண்டுமானாலும்' என்பது பாதி வாக்கியம்தான்.

ஜூலை 17

கோவை நண்பர் திரும்பி வந்திருக்கிறார், சந்தோஷம். "எல்லாம் சரி, கதை நல்லா இருக்கணும்ல?" இருக்க வேண்டும். சந்திரசேகரவின் நாவலில் பிற்பகுதி எனக்கு இழுவை, நிழல் இல்லாதவன் அலைந்துகொண்டே இருக்கிறான், நானும் கூடவே அலைந்து களைத்தேன். ஜெமிசினின் மூன்றாம் நூல் முதல் நூல் அளவுக்கு இல்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அவர்களையும் மற்ற எழுத்தாளர்களைப் போலத் திட்டலாம், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். லெ குவின், சின்னப் புத்தகம், இரண்டு ராத்திரி போதும். பிறகு பட்லரின் 'கிண்ட்ரெட்', 1979. இந்தக் காலத்துக் கறுப்பினப் பெண் அடிமைக் காலத்துப் பண்ணைக்கு இழுக்கப்படுகிற கதை. அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம். குன்னூர் வருவதாக இருந்தால் இரண்டையும் என்னிடமிருந்தே எடுத்துப் போகலாம். ஆனால் போன வருடம் இரவல் வாங்கிப் போன திருப்பூர்க்காரர் முதலில் என் டெலனியைத் திருப்பித் தரட்டும்.